ஒரு சாணுக்குள் எந்த மண்? பழைய காசு தேட கடலூர், புதுச்சேரியில் ஐந்து வகை இடங்கள்

மஞ்சக்குப்பத்துத் தம்பி ஒருவர் ஒரு மாதமாக என்னை விடாமல் கேட்டுவருகிறார்: "அண்ணே, நூறு வருஷத்துக் காசு எத்தனை அடி ஆழத்துல கெடக்கும்? சொன்னீங்கன்னா அதுக்கேத்த மெட்டல் டிடெக்டர் மெஷினா பாத்து வாங்கிடறேன்." முதலியார்பேட்டையில் இன்னொருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். பாட்டி காலத்து வீட்டை அடுத்த வருஷம் இடித்துக் கட்டப்போகிறார்கள். "தம்பி, இடிக்கிறதுக்கு முன்னாடி தோட்டத்தைத் தேடிப் பாக்கலாமா? இல்ல, எல்லாரும் சொல்ற மாதிரி புயல் முடிஞ்சதும் கடற்கரைக்குப் போறதுதான் சரியா?" என்பது அவருடைய கேள்வி.

இருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு பதிலும் இன்னொரு கேள்வியில் போய் நின்றது. இதே இடத்தில் திகைத்து நிற்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

தம்பியின் கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. காசின் வயதுக்கும் அது கிடக்கும் ஆழத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆழத்தைத் தீர்மானிப்பது அந்த மண் இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான்.

## காசு இறங்குகிறதா, மண் ஏறுகிறதா

கனமான பொருள் தானாகவே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும் என்று பலர் நம்புகிறார்கள். இறுகிய நிலத்தில் அப்படி நடப்பதில்லை. பெரும்பாலும் காசு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது, மண்தான் அதன்மேல் ஏறுகிறது. மண்புழு கீழிருக்கும் மண்ணைத் தின்று மேலே வந்து கழிக்கிறது. வயலில் பரப்பிய சுண்ணாம்பும் கரித்துண்டுகளும் வருஷக்கணக்கில் எப்படி மண்ணுக்கடியில் போகின்றன என்று டார்வின் பொறுமையாக அளந்து 1881இல் எழுதினார். உதிர்ந்த இலை மக்கி மண்ணாகிறது. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து போர்த்துகிறது. மனிதர்கள் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்குகிறார்கள். கடலூர் முதுநகரில் பழைய வீடுகள் சிலவற்றைப் பாருங்கள். ஒருகாலத்தில் தெருவிலிருந்து படியேறித் திண்ணைக்குப் போனார்கள். சாலை போட்டுப் போட்டு உயர்ந்ததில் இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் தாத்தா தவறவிட்ட காலணா எத்தனை தார்ச்சாலைக்கு அடியில் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. மழை மேட்டைக் கழுவுகிறது, ஏர் கீழ்மண்ணைப் புரட்டி மேலே போடுகிறது, அலை கரையை அறுக்கிறது. அதனால்தான் ஆயிரம் வருஷத்துச் சோழர் காசு, மழை கழுவிய மேட்டில் வெறுங்கண்ணுக்கே தெரிவதும் உண்டு, 1990களின் ஒரு ரூபாய் ஆற்று மணலில் ஒரு முழத்துக்குக் கீழே போய்விடுவதும் உண்டு.

## கருவியின் எல்லை ஒரு சாண்

இன்னொரு பக்கம் கருவி. நம்மைப் போன்றவர்கள் வாங்கக்கூடிய மெட்டல் டிடெக்டர் எதுவானாலும், தனிக் காசு ஒன்றை நம்பகமாகக் காட்டும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண், அதாவது 20 முதல் 25 செ.மீ. அதுவும் பெரிய காசுக்கு, நல்ல மண்ணில்.

இதற்குக் காரணம் இயற்பியல். கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம் தூரம் போகப்போக வேகமாக மெலிகிறது. காசில் எழும் பதில் புலமும் திரும்பி வரும்போது அதேபோல் மெலிகிறது. சுருளின் அளவைத் தாண்டிய தூரத்தில், ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறக்குறைய 64இல் ஒரு பங்காகிவிடும். பணத்தை இரட்டிப்பாகக் கொட்டினாலும் ஆழம் இரட்டிப்பாகாது. பத்து மீட்டர் ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் என்று ஆன்டெனாக் கம்பி வைத்த கருவிகளை லட்சக்கணக்கில் விற்கிறார்கள். தயவுசெய்து அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

காசின் அளவும் சேர்ந்தது. என் வீட்டுக் கொல்லையில் நானே காசுகளைப் புதைத்துப் பார்த்தேன். பதினோரு அங்குலச் சுருளுள்ள நடுத்தரக் கருவி. விக்டோரியா வெள்ளி ரூபாய், 11.66 கிராம் எடை, ஒரு சாண் வரை தெளிவாகக் கேட்டது. 1835ஆம் வருஷத்துக் கம்பெனிக் காலணா, விட்டம் சுமார் 25 மி.மீ., அதைவிட நாலு விரற்கடை குறைவு. புதுச்சேரியின் பிரெஞ்சுச் செப்புக்காசான டூடூ சிறியது, தடித்தது. ஒரு பக்கம் தமிழில் 'புதுச்சேரி' என்று பொறித்த அந்த அழகான காசு, அரைச் சாண் தாண்டியதும் மௌனமாகிவிட்டது. புதைத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியும், அப்படியும் கேட்கவில்லை.

ஆக, "எத்தனை அடி ஆழம்?" என்று கேட்பதைவிட, "பழைய தரைமட்டம் இன்றைய தரையிலிருந்து ஒரு சாணுக்குள் எங்கே இருக்கிறது?" என்று கேட்பதே பயன் தரும். இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள், கருவி அப்புறம்.

## எடைபோட நான் பார்ப்பவை

ஒவ்வோர் இடத்திலும் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். பழைய காசு கருவிக்கு எட்டும் ஆழத்தில் இருக்க வாய்ப்புண்டா? அந்த மண் கருவியை ஏமாற்றுமா? நிலம் யாருடையது, யாரிடம் கேட்க வேண்டும்? கிடைக்கும் காசு எந்த நிலையில் இருக்கும்? கடைசியாக, கடைக்காரர் சொல்லாத செலவுகள் என்னென்ன?

ஆனால் சட்டத்தை இந்தப் பட்டியலில் ஒரு வரியாக அடைத்துவிட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## தோண்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். முறையாகத் தெரிவித்து, வேறு உரிமையாளர் யாரும் வராமல், நிலத்துக்காரரோடு தனி ஒப்பந்தமும் இல்லையென்றால், முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தருகிறது. பலர் பயப்படுகிற அளவுக்கு இது கொடுமையான சட்டம் இல்லை.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது, உரிமம் இல்லாமல் வியாபாரமும் செய்யக் கூடாது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி ஒரு கொத்துகூடப் போடக் கூடாது.

ரோமரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டைப் பற்றி யாராவது என்னிடம் ஆசையாகக் கேட்டால் எனக்கு மனசு பதறுகிறது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த மேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டினார், பிறகு கசால், 1989 முதல் விமலா பெக்லி. அங்கே கிடைத்த இத்தாலிய அரெட்டைன் மட்கலத்தின் காலம் ஏற்கெனவே தெரிந்தது. அதே மண்ணடுக்கில் அதனோடு கிடந்த நம்மூர்ப் பானையோடுகளுக்கு அதை வைத்தே காலம் சொல்ல முடிந்தது. அந்த ஓடுகளைப் பிடித்துக்கொண்டு தென்னிந்தியாவின் வேறு ஊர்களுக்கும் காலக்கணக்குப் போனது. ஒரு துண்டு எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அத்தனை பெரிய வேலையைச் செய்தது. அங்கே போய் யாரோ கொத்தி எடுத்த காசுக்கு அந்தச் செய்தி இல்லை. அது வெறும் உலோகம். கடலூர் மாவட்டம் மருங்கூரில் 2024இல் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. அதுபோன்ற ஊர்களின் மேடுகளும் நமக்கானவை அல்ல. பானையோடு சிதறிக் கிடக்கும் மேட்டைப் பார்த்தால் கருவியை அணைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

## 1. கடற்கரை, உலர்ந்த மணல்

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் ஞாயிறு மாலைக் கூட்டம் உட்காரும் பகுதி இது. மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அத்தனை பேர் மடியிலிருந்தும் காசு விழுகிறது. மணல் இளகியது, மிதிபடுகிறது, அதனால் காசு சில விரற்கடைக்குள் புதைந்துவிடுகிறது. எட்டும் ஆழம்தான், தோண்டுவதும் சுலபம்.

ஆனால் கிடைப்பது பெரும்பாலும் இன்றைய காசு. புதுச்சேரி நகரக் கடற்கரையில் இது இன்னும் தெளிவு. 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே போக வேண்டிய மணல் தடைபட்டு, நகரக் கரை கரைந்து, பாறாங்கல் மட்டும் மிஞ்சியது. கடலடியில் செயற்கைத் திட்டு போட்ட 2018க்குப் பிறகுதான் காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பியது. அந்த மணலில் பிரெஞ்சுக் காசு தேடுவது, போன வருஷம் கட்டிய வீட்டில் பாட்டனார் பெட்டியைத் தேடுவதுபோல.

மறைவான செலவு: குப்பை. பாட்டில் மூடி, அலுமினியத் தாள், மீனவர் வலையின் ஈயக்குண்டு. ஈயக்குண்டு நல்ல காசு மாதிரியே கூவும். தை முதல் பங்குனி வரை உலர்மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். குழி ஒன்றரை முழம்கூட இருக்காது. அந்த மாதங்களில் மேல்மணலைத் தோண்டாதீர்கள்.

கருவியைக் கையாளக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. பழங்காசு தேட இது இடமில்லை.

## 2. புயலுக்குப் பின் ஈர மணல்

அக்கா கேட்ட "புயலுக்குப் பின் கடற்கரை" இதுதான். பழைய காசு உண்மையிலேயே மேலே வருகிற இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாடைக் காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெரிய அலை கரையை அறுத்து மணலைக் கடலுக்குள் இழுத்துவிடும். அமைதியான மாதங்களில் சிறிய அலை அதைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டும். மணல் இப்படிப் போய்வரும்போது கனமான பொருள்கள் அதனோடு முழுதாகப் போவதில்லை. அடியில் இறுகிய களியோ, சிப்பி அடுக்கோ இருந்தால் அதன்மேல் தங்கிவிடுகின்றன. சாதாரண நாளில் அந்த அடுக்குக்கும் உங்களுக்கும் நடுவே ஆளுயர மணல் இருக்கும், எந்தக் கருவியும் எட்டாது. புயல் அந்த மணலைச் சீவி எடுத்த சில நாள்களுக்கு மட்டும் அடுக்கு ஒரு சாணுக்குள் வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. அதுபோன்ற நாள்களுக்குப் பிறகு கரையில் ஆளுயரத்துக்கு வெட்டுச்சுவர் நிற்கும். அதன் அடிவாரத்தைத்தான் பார்க்க வேண்டும். சுவருக்கு நேர்கீழே நின்று தோண்டாதீர்கள், சரிந்துவிடும்.

தேவனாம்பட்டினக் கரைக்கு வரலாறும் உண்டு. கெடிலம் முகத்துவாரத்தை ஒட்டிய புனித டேவிட் கோட்டையை 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து வாங்கியது. 1758இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்தது. அதற்கு முன்பே டச்சுக்காரர்கள் இங்கே வியாபாரம் செய்தார்கள். அந்த மூன்று கம்பெனிகளின் செப்புக்காசும் இந்தக் கரையில் புழங்கியவை. கோட்டையின் மிச்சம் இருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள், நான் பேசுவது அலை அறுத்த மணலைப் பற்றி மட்டும்.

இங்கே மண் கருவியை நன்றாகவே ஏமாற்றும். உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்தும், ஒற்றை அதிர்வெண் கருவி அதையே உலோகம் என்று நினைத்து ஓயாமல் கத்தும். நம் கரையில் கருமணலும் உண்டு. இல்மனைட், மேக்னடைட் கலந்த அந்தக் கருப்பு வரிகள் காசு கிடக்கும் அதே அடுக்கில்தான் படிகின்றன, ஏனென்றால் அவையும் கனம். பல அதிர்வெண் கருவி ஓரளவு சமாளிக்கும், மின் துடிப்புகளை அனுப்பிப் பதிலைக் கேட்கும் பல்ஸ் வகைக் கருவி நன்றாகச் சமாளிக்கும்.

மறைவான செலவு பல. உப்பு கருவியின் இணைப்புகளைத் தின்னும், ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும். வாய்ப்பு திறந்திருப்பது இரண்டு மூன்று நாள்தான், அப்போது நீங்கள் ஊரில் இருக்க வேண்டும். அலை எச்சரிக்கை விலகாமல் போகவே கூடாது. இன்னொன்று, எனக்கு முக்கியமானது: புயல் முடிந்த கரையில் மீனவக் குடும்பங்கள் படகையும் வலையையும் இழந்து நிற்கிறார்கள். அங்கே கருவியும் ஹெட்போனுமாகப் போய் நிற்பது அழகல்ல. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகு போங்கள். நான் போனதில் பாதி நாள் கருவியை ஓரமாக வைத்துவிட்டு வலை பிரித்துக் கொடுத்திருக்கிறேன்.

காசின் நிலை: செம்பு பச்சை பிடித்து அரித்திருக்கும், வெள்ளி கறுத்த மேலோடு போர்த்தியிருக்கும். எழுத்து வாசிக்க முடிந்தால் அதிர்ஷ்டம்.

## 3. ஆற்றுப் படுகை

தென்பெண்ணைக்கு நான் கருவி எடுத்துப்போவதில்லை. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் விட்டுப்போகும் காசு மேல்மணலில் கிடக்கும், அடுத்த வெள்ளம் அதை அள்ளிப் புரட்டி எங்கேயோ போடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஆற்றுப்படுகையில் 'ஆழம்' என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது என்று புரியும். மணல் அள்ளிய பள்ளங்களில் சேறு மூடியிருக்கும், கால் வைத்தால் ஆபத்து.

காசு அரிக்கிறவர்கள் சல்லடையும் கயிற்றில் கட்டிய காந்தமும் வைத்து இங்கே பிழைக்கிறார்கள். காந்தம் இன்றைய எஃகுக் காசைப் பிடிக்கும். 1947 நிக்கல் ரூபாயையும் பிடிக்கும், செம்பையும் வெள்ளியையும் பிடிக்காது. பழங்காசு வேண்டுமென்றால் சல்லடை போதும். அவர்கள் பிழைப்பில் நாம் கருவியோடு போட்டி போட வேண்டியதில்லை.

## 4. முந்திரிக்காடும் செம்மண் காடும்

கேப்பர் மலைப் பக்கம், பண்ருட்டி வழி, வானூர் மேடு. இங்கே வெள்ளம் வண்டலைப் போர்த்தவில்லை. மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டே இருப்பதால் பழைய தரைமட்டம் இன்றைய தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏர் ஓட்டிய நிலமானால் மேலிருந்து அரை அடிக்குள் எல்லாம் கலந்திருக்கும். ஆழத்தை மட்டும் பார்த்தால் ஐந்து வகையிலும் இதுவே சிறந்தது.

சிக்கல் செம்மண்ணின் நிறத்திலேயே இருக்கிறது. அந்தச் சிவப்பு இரும்பு. மண்ணிலுள்ள இரும்பைக் கண்டுகொள்ளாதபடி கருவியை மண்ணுக்கு ஏற்பச் சமன்செய்யாவிட்டால் ஒவ்வொரு கல்லும் கூவும். சமன்செய்தாலும் என் கொல்லையில் ஒரு சாண் கேட்ட ரூபாய் இங்கே அரைச் சாண் சொச்சத்தில்தான் கேட்டது. டூடூ அளவுக் காசுக்குச் சில விரற்கடை மட்டும். பெரிய சுருள் இன்னும் அதிக மண்ணைப் 'பார்த்து' இன்னும் குழம்பும், இங்கே சிறிய சுருளே மேல்.

பங்குனி, சித்திரையில் முந்திரி அறுவடை, அப்போது யாரும் உள்ளே விடமாட்டார்கள். வெயிலில் மண் கடப்பாரைக்கும் அசையாது. மார்கழி, தையில் ஈரம் இருக்கும்போது போனால் தோண்டுவது சுலபம். நிலத்துக்காரரிடம் வாய்ச்சொல் போதாது. கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நிலத்தில் நான் எழுதாமல் விட்டேன். கிடைத்தது மூன்று காலணா. ஊரில் 'தங்கக் குடம்' என்று பேச்சாகி, அந்த நிலத்துக்காரரின் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. என்னால் வந்த வினை அது, இன்றும் உறுத்துகிறது.

## 5. பழைய வீட்டுத் தோட்டம்

நூறு, நூற்றைம்பது வருஷ வீட்டின் கொல்லையில் மண் மெல்லத்தான் ஏறும். இலை, சாம்பல், மண்புழு. இப்படிப்பட்ட தோட்டங்களில் நான் எடுத்த காலணாக்கள் பெரும்பாலும் ஐந்து விரற்கடையிலிருந்து முக்கால் சாண் வரைக்குள்தான் இருந்தன. கருவிக்குச் சரியாக எட்டும் ஆழம். காசு கடலில் உருண்டது அல்ல, ஏரில் அடிபட்டதும் அல்ல. எழுத்தும் ஆண்டும் பெரும்பாலும் வாசிக்க முடியும்.

எங்கே தேடுவது என்பதையும் வீடே சொல்லும். கிணற்றடி, துணி காயப்போடும் கொடிக்கு அடி, மாட்டுக்கொட்டகை வாசல், மாமரத்தடி. குனிந்து நிமிர்கிற இடங்களில்தான் மடியிலிருந்து காசு விழுகிறது. கருவியை எடுக்கும் முன் வீட்டின் மூத்தவரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கிணறு தூர்ந்தது, எங்கே மண் கொட்டினார்கள் என்று கேளுங்கள். தோட்டத்தில் ஒரு மூலை மட்டும் நிரவிய மண்ணென்றால் அங்கே பழைய தரை எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும், நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இடிக்கப்போகிற வீட்டில் இன்னொரு விஷயம். மனை முகூர்த்தத்தின்போது அஸ்திவாரத்திலும், நிலை வைக்கும்போது வாசற்காலின் அடியிலும் நவதானியத்தோடு காசு வைப்பது நம் வழக்கம். இந்தக் காசு ஒரு சாணைவிட ஆழத்தில் இருக்கலாம், ஆனால் இடம் தெரியும். அதற்குக் கருவி வேண்டாம். இடிக்கும் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவைத்து, நிலையை எடுக்கும் நாளில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்தக் காசின் ஆண்டு, வீடு எந்த வருஷத்துக்கு முன் கட்டப்பட்டிருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடும்.

மறைவான செலவு: ஆணி, தகரம், கம்பித்துண்டு, ஓட்டை ஈயப்பாத்திரம். ஒரு காசுக்கு முப்பது நாற்பது ஆணி தோண்ட வேண்டிவரும். தரைக்கடியில் போன மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் எங்கே என்று தெரியாமல் கடப்பாரை போடாதீர்கள். சொத்தில் பங்குள்ள எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், மூன்று காலணா கதையை மறக்க வேண்டாம். அப்புறம் புளி. கிடைத்த செப்புக்காசைப் புளி போட்டுப் பளபளப்பாக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அந்தப் பழுப்புப் பச்சை மேலோடுதான் காசைக் காக்கிறது, அது போனால் காசின் எழுத்தும் மதிப்பும் சேர்ந்து போகும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் மண்ணை எடுத்தால் போதும்.

## ஒரே பார்வையில்

| இடம் | பழங்காசு கிடக்கும் ஆழம் | கருவி எட்டுமா | கேட்க வேண்டியவர் | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| உலர்ந்த கடல்மணல் | மேலே இன்றைய காசு. பழையது மிக ஆழம் | இன்றைய காசுக்கு எட்டும் | உள்ளாட்சி, ஊரார் | கற்றுக்கொள்பவர் |
| புயலுக்குப் பின் ஈரமணல் | சில நாள் மட்டும் ஒரு சாணுக்குள் | பல அதிர்வெண், பல்ஸ் வகை மட்டும் | மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து | கரையோரம் வசிப்பவர், அனுபவம் உள்ளவர் |
| ஆற்றுப் படுகை | நிலையில்லை | நம்ப முடியாது | வருவாய்த் துறை | கருவிக்கு ஏற்றதல்ல |
| செம்மண் காடு | அரை அடிக்குள் | பாதி ஆழமே | நிலத்துக்காரர், எழுத்தில் | மண்ணைச் சமன்செய்யத் தெரிந்தவர் |
| பழைய வீட்டுத் தோட்டம் | ஐந்து விரற்கடை முதல் முக்கால் சாண் வரை | நன்றாக எட்டும் | சொத்தில் பங்குள்ள அனைவரும் | புதியவர், பொறுமையுள்ளவர் |

## கருவி

இடம் முடிவானால் கருவி தானாக முடிவாகும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் ஒற்றை அதிர்வெண் கருவி தோட்டத்துக்குப் போதும், ஈரமணலில் பயனில்லை, செம்மண்ணில் சமன்செய்யும் வசதி இல்லாவிட்டால் தலைவலி. பல அதிர்வெண் கருவிக்குப் பல பத்தாயிரங்கள் ஆகும். ஒரே கருவியை எல்லா இடத்துக்கும் எடுத்துப்போக நினைப்பவருக்கு அது நியாயமான செலவு. பல்ஸ் வகை கருமணலுக்குச் சிறந்தது, ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்வதில் பலவீனம், தோட்டத்தில் அதை வைத்து ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. எதை வாங்கினாலும் பேனா அளவுக் கைக்கருவி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். குழிக்குள் காசு எந்தப் பக்கம் என்று அது காட்டும், கொத்தின் நுனி காசைக் கீறாமல் தப்பிக்கும்.

சுருளைத் தரையிலிருந்து நாலு விரல் உயர்த்திப் பிடித்தால், அந்த நாலு விரல் ஆழமும் போய்விட்டது என்று பொருள். விலை உயர்ந்த கருவியை அலட்சியமாகப் பிடிப்பவரைவிட, மலிவான கருவியைத் தரையோடு தரையாக மெதுவாக ஓட்டுகிறவர் அதிகம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

## இருவருக்கும் என் பதில்

அக்கா, கடற்கரையை விடுங்கள். பாட்டி வீட்டுத் தோட்டம்தான். மார்கழி மழை நின்று மண் ஈரமாக இருக்கும்போது தொடங்கலாம். கருவி வாங்க வேண்டாம், என்னுடையதை எடுத்துவருகிறேன். ஒவ்வொரு காசுக்கும் தோட்டத்தில் எந்த இடம், எத்தனை செ.மீ. ஆழம் என்று நோட்டில் எழுதிக்கொண்டே போவோம். கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் நானே எழுதித் தருகிறேன். நிலை எடுக்கிற தேதியை மட்டும் கொத்தனாரிடம் கேட்டு எனக்கு ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

தம்பி, பணத்தை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். அக்கா வீட்டுத் தோட்டத்துக்கு நீங்களும் வாங்க. நாலு நாள் ஆணி தோண்டிப் பார்த்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால், அடுத்த வாடைக் காற்றுக்குள் ஒரு பல அதிர்வெண் கருவி வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் தேவனாம்பட்டினத்துக்கு வாரம் ஒருமுறை வெறும் கையோடு போய், மணல் எந்த மாதத்தில் எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்த்து எழுதிவையுங்கள். மணல் எங்கே முதலில் அறுபடுகிறது என்று அங்கே வலை காயவைக்கிற பெரியவர்கள் சொல்வார்கள், அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.